அரைகுறைப் பை

கட்டிலின் மேல் நான்கு பொருள்களைப் பரப்பிவிட்டு நாங்கள் நான்கு அம்மாக்களும் சுற்றி நின்றோம். சீர்வரிசைத் தட்டுகளை இறக்கி வைத்துவிட்டுச் சம்பந்தி வீட்டார் முகத்தைப் பார்க்கிற மாதிரி, எல்லோரும் என் மகள் வசந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு தலையணையில் சாய்ந்து படுத்திருந்தாள்.

எதிர்வீட்டு நூர்ஜஹான் செய்துகொண்டு வந்தது, அட்டையில் பச்சை நூலால் தைத்த கிளி. பக்கத்து வீட்டுச் சவுந்தரம் அக்கா செய்தது, புளியங்கொட்டையும் குன்றிமணியும் ஒட்டிய மயில். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த ஜானகி செய்தது காகிதத் தேர். உச்சியில் கொடிகூட இருந்தது. நான் செய்தது, புள்ளிகளைக் கோட்டால் இணைத்த யானை.

வசந்தா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். மயிலின் கழுத்தைத் தடவினாள். தேரைச் சுற்றித் திருப்பினாள். "எல்லாம் நல்லா இருக்கு" என்றாள். மரியாதை தெரிந்த பெண். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இதுல நான் என்ன செய்யணும்?"

பாலக்கரையில் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எங்கள் நாலு பேரில் ஒருத்திக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை.

கால் தரையில் படக்கூடாது

நயா பைசா வந்த பிறகும் எல்லோரும் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் அச்சுக் கோப்பவர். அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் அச்செழுத்துக் கழுவும் மண்ணெண்ணெய் வாடை போகாது. அந்த வாடையோடு பத்து வருஷம் குடித்தனம் நடத்திய பிறகுதான் அது எனக்குப் பழகியது என்று எழுதினால் அவருக்குக் கோபம் வரும். இருந்தாலும் எழுதுகிறேன்.

சித்திரை வெயிலில் வசந்தா தொண்டை வலிக்கிறது என்றாள். மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன். சரியாகிவிட்டது. பத்துப் பதினைந்து நாள் கழித்து முழங்கால் வீங்கியது. அது வடிந்ததும் கணுக்கால். அப்புறம் மணிக்கட்டு. வலி ஒரு மூட்டைக் காலி செய்துவிட்டு அடுத்த மூட்டுக்குக் குடிபோனது.

டாக்டர் வெகுநேரம் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். "மூட்டு வீக்கம் வடிஞ்சிடும்மா. எனக்குப் பயம் இருதயத்துக்குத்தான். மூணு மாசம் கால் தரையில படக்கூடாது. ஓடுறது, நடக்குறது எதுவும் கூடாது. படுக்கையிலயே இருக்கட்டும்."

"ஏழு வயசுப் பிள்ளையை மூணு மாசம் எப்படிங்க படுக்க வைக்கிறது?"

"அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லம்மா. நீங்கதான் பார்க்கணும்" என்றார்.

இது அடுத்தவர்களுக்கு ஒட்டுமா என்று கேட்டேன். இந்த நிலையில் ஒட்டாது என்று தெளிவாகச் சொன்னார். அந்த வார்த்தையைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தேன்.

எனக்குத் தெரிந்த கதைகள் நான்கு நாளில் தீர்ந்தன. தெரியாத கதைகளையும் சொன்னேன். அச்சகத்தில் வெட்டிப்போட்ட காகிதத் துண்டுகளை வீட்டுக்காரர் கட்டாகக் கொண்டு வந்து கொடுத்தார். கப்பல் செய்தோம், கத்திக் கப்பல் செய்தோம், பறவை செய்தோம். அதுவும் முடிந்தது.

மூன்று முறை அவள் ஜன்னலருகே நின்று குதிரை வண்டி போவதை வேடிக்கை பார்த்ததைக் கையும் களவுமாகப் பிடித்தேன். ஒவ்வொரு முறையும் தூக்கி வந்து படுக்க வைத்துவிட்டு அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். எனக்கு என்ன தெரியும்? படபடவென்று அடிப்பது அவள் நெஞ்சா என் நெஞ்சா என்றுகூடப் பிரிக்கத் தெரியாது. மூன்றாம் முறை கையை ஓங்கிவிட்டேன். அடிக்கவில்லை. ஆனால் ஓங்கினேன். என் கோபம் அப்படிப்பட்டது. அதைப் பற்றி இந்தத் தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன், வாசகர்களும் கடிதத்தில் திட்டியிருக்கிறார்கள்.

தையல்காரர் வீட்டுக் கணக்கு

யோசனை நூர்ஜஹானுடையது. அவள் கணவர் தையல் கடை வைத்திருந்தார். கை ஓங்கிய அன்று சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் நின்று அழுதேன்.

"நீ ஒருத்தியா எத்தனையத்தான் செய்வே கமலம்?" என்றாள். "எங்க கடையில ஒரே அளவுல நாலு சட்டை வெட்டுறது ஒரே வேலைதான். நாலு அளவுல நாலு வெட்டினாத்தான் முதுகு போகும். பிள்ளைங்க உக்காந்து செய்யுற கைவேலை ஒண்ணையே நீ நாலா செய்யி. நானும் ஒண்ணையே நாலா செய்யுறேன். இன்னும் ரெண்டு வீட்டைப் பிடி. ஆளுக்கு மூணு மாத்திக்குவோம். எங்க வீட்டு ரெண்டு வாலையும் லீவுல கட்டிப்போட எனக்கும் ஏதாவது வேணும்."

இப்படித்தான் நாலு வீடு சேர்ந்தது. வீட்டு முன்பக்கத்திலேயே மளிகைக் கடை வைத்திருந்த சவுந்தரம் அக்காவுக்கு ராணி என்று ஐந்து வயதுப் பெண். ஜானகி, என் வீட்டுக்காரரோடு வேலை பார்த்த புரூஃப் ரீடரின் மனைவி. "எங்காத்துப் பிள்ளை லீவு விட்டா வீட்டை ரெண்டாக்கிடறான். நானும் சேர்ந்துக்கறேன்" என்று அவளாகவே சொல்லி அனுப்பினாள்.

நூர்ஜஹான் கால்சட்டைத் துணி வெட்டிய மிச்சத்தில் நாலு பை தைத்தாள். ஆளுக்கொரு பை. சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில் கூடுவது, அவரவர் பையிலிருந்து மூன்றைக் கொடுத்து மற்ற மூன்றை வாங்கிப் போட்டுக்கொள்வது. வசந்தா வெளியே வர முடியாததால் அவள் கட்டில்தான் சந்தை.

பை பிறந்தவுடன் சவுந்தரம் அக்கா ஒரு சட்டமும் போட்டார். "வெறும் பை எந்த வீட்டுக்கும் போகக் கூடாது." இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். என் அம்மா, அடுத்த வீட்டிலிருந்து ரசம் வந்த கிண்ணத்தைத் திருப்பும்போது ஒன்றும் இல்லையென்றால் ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போட்டு அனுப்புவாள். சர்க்கரை தீர்ந்துபோன நாளில் இரண்டு கறிவேப்பிலை இணுக்கைப் போட்டு அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன். கிண்ணம் அதைச் சுமந்துகொண்டு பெருமையாகத்தான் போயிற்று.

பதினாறு பொருள்

இப்போது கட்டிலுக்குத் திரும்புகிறேன். வசந்தா கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

முதலில் வாய் திறந்தது நூர்ஜஹான். "வெறும் அட்டையில ஓட்டையைப் போட்டுக் குடுக்கலாம்னுதான் நினைச்சேன். பாதி தச்ச துணியை யாராவது குடுப்பாங்களா? அதான் முடிச்சிட்டேன்."

"நானும் கொட்டையைத் தனியாப் பொட்டலம் கட்டினேன்" என்றார் சவுந்தரம் அக்கா. "அப்புறம், கடைச் சரக்கை அப்படியே மடிச்சுக் குடுத்துட்டாளேன்னு நினைப்பீங்களோன்னு ராத்திரி உக்காந்து ஒட்டினேன்."

ஜானகி தலையைக் குனிந்துகொண்டாள். "கொடி இல்லாத தேரை எடுத்துண்டு வந்தா பெருமாள் என்ன நெனைச்சுப்பார்?"

நானும் யோக்கியம் இல்லை. நாற்பது புள்ளி வைத்து, எண் போட்டு, அதோடு விட்டிருக்க வேண்டும். குழந்தை கோடு போட்டால் தும்பிக்கை கோணிவிடுமே, மற்ற மூன்று பேரும் பார்ப்பார்களே என்று நானே இணைத்துவிட்டேன். நாலு யானைக்கும். அடுத்த வீட்டுக்கு அரைகுறையாக ஒரு பொருளைக் கொடுப்பதற்கு எங்கள் நால்வருக்கும் கை வரவில்லை. ஆக மொத்தம் பதினாறு பொருள். குழந்தைகள் செய்வதற்கென்று அதில் ஒரு வேலையும் மிச்சம் இல்லை.

நாங்கள் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வசந்தா கிளியைத் திருப்பி, பின்பக்கத்து முடிச்சைக் கண்டுபிடித்துவிட்டாள். பல்லால் கடித்து அவிழ்த்தாள். நூலைப் பிடித்து இழுத்தாள். கிளியின் வால் போயிற்று, இறக்கை போயிற்று, மூக்கும் போயிற்று. நூர்ஜஹானின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

மிச்சம் இருந்தது ஓட்டை ஓட்டையாக ஓர் அட்டை. வசந்தா நூலை விரலில் சுற்றிக்கொண்டு என்னிடம் மழுங்கிய ஊசி கேட்டாள். தலையில் ஆரம்பித்தாள். தப்பாகப் போனது, பிரித்தாள். மறுபடி ஆரம்பித்தாள்.

விளக்கேற்றும் நேரம் வரை அவள் கால் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை. நான் அடுப்படியில் நின்று எட்டி எட்டிப் பார்த்தேன். 

"கிளி போனா போகுது" என்றாள் நூர்ஜஹான், போகும்போது. "அடுத்த வாரம் எல்லாரும் அரைகுறையாவே கொண்டு வாங்க. யாரும் யாரையும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

அதிலிருந்து அதன் பெயரே அரைகுறைப் பை. தலை இல்லாத பொம்மை வந்தது. பாதி நெய்த காகிதப் பாய் வந்தது. பெரிய புள்ளிக் கோலம், நடுவில் மட்டும் போட்டு மிச்சத்தை விட்டது வந்தது. ஜானகி காவிரிப் பாலத்தில் பஸ் போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து மடியில் காகிதம் வெட்டுவாள். ஒருநாள் காற்றில் பாதித் தேர் பறந்து காவிரி மணலில் விழுந்துவிட்டது. "அரைகுறைதானே, பரவாயில்லை" என்று மீதியோடு வந்து நின்றாள்.

வெந்நீர்

நாலு வாரம் நன்றாகப் போயிற்று. ஐந்தாம் வாரம் என் குணம் குறுக்கே வந்தது.

சனிக்கிழமை சந்தை கலைந்து அரைமணி ஆகியிருக்கும். கொல்லையில் துணி எடுக்கப் போனேன். எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவுச் சுவர்தான். அந்தப் பக்கம் ஒரு குண்டான் நிறைய வெந்நீர் ஆவி பறந்தது. வேப்பிலை மிதந்தது. சவுந்தரம் அக்கா ஒரு குச்சியால் பையை அதற்குள் அமுக்கிக்கொண்டிருந்தார். வசந்தா தொட்டுக் கொடுத்த அட்டைகள் முறத்தில் வெயிலில் கிடந்தன.

"என் பொண்ணு தொட்டதுல அப்படி என்ன அழுக்கு ஒட்டியிருக்குக்கா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்தார். மறுபடி குனிந்து பையை அமுக்கினார். அது என்னை இன்னும் கிளப்பிவிட்டது. ஒட்டாது என்று டாக்டர் சொன்னது, நான் தெருவெல்லாம் சொன்னது, அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு என் மகளின் கட்டிலில் உட்கார்ந்தது எல்லாவற்றையும் சொல்லி, "இனிமே யாரும் எங்க வீட்டுக்கு வர வேண்டாம். எங்க சனியன் எங்களோடயே இருக்கட்டும்" என்று முடித்தேன். குச்சியைக் கையில் பிடித்தபடி அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.

நூர்ஜஹான் சமாதானம் பேச வந்தாள். அவளையும் அனுப்பினேன். ஜானகியை வரவேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன். அடுத்த சனிக்கிழமை என் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது.

செவ்வாய்க்கிழமை நான் குழாயடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது கட்டில் காலியாக இருந்தது. வசந்தா ஜன்னலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்து, மூச்சு மேலும் கீழும் வாங்கியது. குடத்தை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

டாக்டர் குழாயை வைத்துக் கேட்டார். இந்த முறை இன்னும் அதிக நேரம். "நல்லா வந்துக்கிட்டிருந்தா. இன்னும் மூணு வாரம் கூட்டிப் படுக்கணும்" என்றார். பிறகு அவளிடம், "ஏம்மா இறங்கினே?" என்றார்.

"சனிக்கிழமை வராத பை இன்னிக்காவது வருதான்னு பார்த்தேன்" என்றாள் அவள்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மூன்று வாரம் அவளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. வேறு யாரையும் கைகாட்ட முடியாது.

முத்துவின் ரயில்

மறுநாள் சவுந்தரம் அக்கா வந்தார். கையில் பை. நான் வாசலை விட்டு நகர்ந்து நின்றேன். அவராகவே உள்ளே வந்து கீழே உட்கார்ந்தார்.

"ஆமா கமலம், வெந்நீர்லதான் போட்டேன். ஒவ்வொரு வாரமும் போட்டேன்" என்றார். "ஒட்டாதுன்னு நீ சொன்னது காதுல விழுந்துச்சு. மனசுல ஏறல. எங்க முத்துவும் முதல்ல தொண்டை வலிக்குதுன்னுதான் சொன்னான். அஞ்சாம் நாள் இல்ல."

முத்து அவருடைய மூத்த பிள்ளை. நாங்கள் அந்தத் தெருவுக்குக் குடி வருவதற்கு முந்தின வருஷம் தொண்டை அடைப்பான் வந்து இறந்துபோனான். இது எனக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கத்தியபோது அது என் நினைவிலேயே இல்லை. நினைவு வந்திருந்தாலும் அன்றைக்கு அப்படித்தான் கத்தியிருப்பேன் என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

"எனக்குப் பயம்தான். இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா பயந்துக்கிட்டேதானே வந்தேன்? அந்த அட்டையை வெயில்ல போட்டு எடுத்து ராணி கையில குடுத்தேனா இல்லையா?"

கொடுத்தார். பயமே இல்லாமல் வந்தவர்களைவிட அவர் ஒரு படி அதிகமாகத்தான் நடந்து வந்திருக்கிறார்.  "தப்புதான்க்கா, மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் அழுதோம். வசந்தா கட்டிலிலிருந்து எங்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"பையில என்ன பெரியம்மா?" என்றாள்.

அக்கா பையைக் கட்டிலில் கவிழ்த்தார். தீப்பெட்டியில் செய்த ரயில். நூல் தீர்ந்த மரக்கட்டைதான் இன்ஜினின் வயிறு. பின்னால் ஆறு பெட்டி. ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஜன்னல் வரைந்திருந்தது. தீப்பெட்டிகளின் ஓரம் பழுப்பேறியிருந்தது.

"இதுக்குச் சக்கரமே இல்லையே. நீங்க செஞ்சதா?"

"இல்லம்மா. எங்க முத்து செஞ்சான். சக்கரம் போட அவனுக்கு நாள் இல்ல." அக்கா ஒரு பெட்டியைக் கையில் எடுத்துத் தூசியை ஊதினார். "நீ போடுறியா?"

வசந்தா அவர் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். ரயிலைத் தலைகீழாகத் திருப்பி, சக்கரம் எங்கே வரவேண்டும் என்று விரலால் அளக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைக்கு மற்ற இருவரையும் நானே கூப்பிட்டேன். நூர்ஜஹான் டப்பா நிறைய சட்டைப் பொத்தான்களைக் கொண்டுவந்து கொட்டினாள். சக்கரத்துக்கு அச்சு எதில் செய்வது என்று பெரிய விவாதம் நடந்து, கடைசியில் ஜானகி சொன்ன ஈர்க்குச்சி ஜெயித்தது. பொத்தானின் அளவு ஒத்துவராமல் பெட்டிகள் நொண்டின. பிரித்து மறுபடி போட்டாள். கூடுதல் மூன்று வாரமும் அந்த ரயிலிலேயே ஓடிப்போயிற்று.

பத்தடி

காவிரி இரு கரையும் தொட்டு ஓடுகிறது என்று ஜானகி சொன்ன வாரம், டாக்டர் குழாயைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "நாளையிலிருந்து நடக்கலாம். முதல் நாள் பத்தடி. அதுக்கு மேல ஓரடி கூடாது."

மறுநாள் காலையில் நான் கட்டிலருகே கை நீட்டி நின்றேன். வசந்தா இறங்க மறுத்தாள்.

"இங்க நடந்து வீணாக்க மாட்டேன். என்னை மளிகைக் கடை வரைக்கும் தூக்கிட்டுப் போம்மா. பத்தடியும் அங்கதான் நடப்பேன்."

தூக்கிக்கொண்டு போனேன். மூன்று மாதத்துக்கு மேல் படுத்த உடம்பு, பூனைக்குட்டி கனம்தான் இருந்தது. அவள் கையில் அக்காவின் பை. கடைப் படியில் இறக்கிவிட்டேன். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நடந்தாள். முழங்கால் ஆடியது. நான் பின்னாலேயே கையை விரித்துக்கொண்டு போனேன். ஒன்பதாவது அடியில் சவுந்தரம் அக்கா உள்ளிருந்து வந்தார். பத்தாவது அடியில் வசந்தா அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

தரையில் உட்கார்ந்து ரயிலை எடுத்து வைத்தாள். இன்ஜினும் ஐந்து பெட்டிகளும் பொத்தான் சக்கரத்தில் நின்றன. ஆறாவது பெட்டி மட்டும் பழையபடி தரையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இது ஏன்டி மிச்சம்?" என்றேன் நான். அவசரக்காரி.

"முழுசா முடிச்சுக் குடுக்கக் கூடாதுல்லம்மா" என்றாள். பைக்குள் கையை விட்டு நாலு பொத்தானையும் இரண்டு ஈர்க்குச்சியையும் எடுத்து அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். "இது உங்களுக்கு, பெரியம்மா."

கடையில் இரண்டு பேர் பருப்புக்குக் காத்திருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்க்கவில்லை. வசந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஈர்க்குச்சியைப் பொத்தானின் ஓட்டையில் நுழைத்தார். இரண்டு முறை தவறியது. வசந்தா பெட்டியைப் பிடித்துக்கொண்டாள். நாலாவது சக்கரமும் ஏறியதும் ராணி வந்து இன்ஜினில் கட்டியிருந்த நூலைப் பிடித்து இழுத்தாள். ரயில் கிரீச்சென்று சத்தம் போட்டுக்கொண்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் போயிற்று.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தரையில் கிடந்த பையை எடுத்தார். உள்ளே ஒரு கை பொட்டுக்கடலையை அள்ளிப் போட்டார். அதை அப்படியே வசந்தாவின் கையில் கொடுத்தார். அக்கா வீட்டு அடுப்பில் அன்றைக்கு வெந்நீர் வைக்கவே இல்லை.